சரயேவோ இளைஞனும் அவன் வாழ்க்கையை எழுதியவர்களும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பமிட்ட வடிவம்)



வாழ்க்கை வரலாற்று நூல்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தீர்கள். சான்றோர் வரலாறுகளைப் பற்றி இந்த மேடையில் முன்பே பலர் பேசியிருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது ஒரு கொலையாளியின் வரலாறு. 1914 ஜூன் 28, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் பொஸ்னியத் தலைநகர் சரயேவோவில், ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டையும் அவருடைய மனைவி சோபியையும் சுட்டுக் கொன்றான் காவ்ரிலோ பிரின்சிப். இருபது வயது நிறைய அவனுக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. சரியாக ஒரு மாதத்தில் ஆஸ்திரியா செர்பியாமீது போர் அறிவித்தது. அடுத்த சில நாட்களில் ஐரோப்பாவின் பெரிய வல்லரசுகள் பலவும் போரில் இறங்கிவிட்டன.

ஏன் இவனைத் தேர்ந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். அரசியல் கொலை செய்தவர்களில் பலர் அந்த இடத்திலேயே மடிகிறார்கள், அல்லது சில வாரங்களில் தூக்குமேடை ஏறிவிடுகிறார்கள். அவர்கள் சொன்னதாக நமக்குக் கிடைப்பது ஓர் அறிக்கை, அல்லது சட்டைப் பையில் இருந்த ஒரு கடிதம். பிரின்சிப் அதற்குப் பிறகு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் உயிரோடிருந்தான். விசாரணை அதிகாரியிடம் பேசினான், நீதிமன்றத்தில் பேசினான், சிறைக்கு வந்த மனநோய் மருத்துவரிடமும் பேசினான். அவனோடு அன்று தெருவில் ஆயுதத்துடன் நின்றவர்களில் இருவர் முதுமைவரை வாழ்ந்தார்கள். ஆகவே இங்கே சான்றுக்குப் பஞ்சமில்லை. இருந்தும் அவன் ஏன் சுட்டான் என்பதில் நூறு ஆண்டு கடந்தும் அவன் வரலாற்றை எழுதியவர்களிடையே உடன்பாடு இல்லை. சான்று குறைவான இடத்தில் கருத்து வேறுபடுவது இயல்பு. சான்று நிறைந்திருக்கும்போது ஏன் வேறுபடுகிறார்கள் என்பதே என்னை உறுத்திய கேள்வி.

என் வாதம் இதுதான். 'ஏன் சுட்டான்' என்று நாம் கேட்பதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஆள்பவர் ஒருவரைக் கொல்வது சரி என்ற முடிவுக்கு ஒரு பையன் எப்படி வந்தான்? ஆள்பவர் பலர் இருக்க இந்த மனிதரை ஏன் குறிவைத்தான்? கைக்கு ஆயுதம் எப்படி வந்தது, அந்த நாளில் அந்தத் தெருமுனையில் நிற்க எப்படி முடிந்தது? வரலாறு எழுதியவர்கள் ஒவ்வொருவரும் இவற்றில் ஒன்றுக்கு நல்ல விடை கண்டார்கள். பிறகு அந்த விடையையே மற்ற இரண்டுக்கும் சேர்த்து நிரப்பிவிட்டார்கள். எந்தக் கேள்வியை ஒருவர் கையில் எடுக்கிறார் என்பதை அவர் வாழ்ந்த காலம் பெரும்பாலும் முடிவு செய்திருக்கிறது. இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. பிரின்சிப் சொன்னவை: எங்கே, எப்போது, யாரிடம்

முதல் சான்று நீதிமன்றப் பதிவு. 1914 அக்டோபர் 12 அன்று சரயேவோவில் வழக்கு தொடங்கியது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 25 பேர். அப்போது போர் நடந்துகொண்டிருந்தது. செர்பிய அரசுக்கு இதில் பங்குண்டு என்று நிறுவுவது அரசுத் தரப்பின் முதன்மையான தேவை. உதவியவர்களைக் காப்பாற்ற வேண்டியது குற்றம் சாட்டப்பட்டவர்களின் தேவை. இந்த இரண்டு தேவைகளுக்கும் நடுவில் நின்றுதான் பிரின்சிப் பேசினான். தான் ஒரு யூகோஸ்லாவிய தேசியவாதி என்றும், தென்ஸ்லாவியர் அனைவரும் ஒன்றாக வேண்டும் என்றும், அந்த அரசு எந்த வடிவில் இருந்தாலும் கவலையில்லை, ஆஸ்திரியாவிடமிருந்து விடுபட்டால் போதும் என்றும் சொன்னான். தான் குடியானவன் மகன், கிராமங்களில் நடப்பதை அறிந்தவன், அதற்குப் பழிவாங்க விரும்பினேன் என்றும் சொன்னான். கொலை செய்யும் எண்ணம் தன்னுடையதே என்று உறுதியாக நின்றான். நம்பிக்கையைப் பற்றி அவன் பேசியதை நான் பெரிதும் ஏற்கிறேன். உதவியவர்களைப் பற்றி அவன் பேசிய இடங்களை வேறு கண்ணோடு படிக்க வேண்டும். ஒரே வாக்குமூலத்துக்குள் இந்த இரண்டு தன்மையும் உண்டு.

அந்தப் பதிவு நமக்கு வந்து சேர்ந்த வழியையும் கவனிக்க வேண்டும். 1918-இல் பெர்லினில் 'ஃபாரோஸ்' என்ற புனைபெயரில் ஒருவர் அதை ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். 1930-இல் ஆல்பர்ட் மூசே பிரெஞ்சில் கொண்டுவந்தார். 1954-இல் வோயிஸ்லாவ் போகிசெவிச் சரயேவோவிலேயே ஒரு பதிப்பை வெளியிட்டார். பெர்லின் பதிப்பு இந்தக் கொலைக்குப் பின்னால் ஃப்ரீமேசன் சங்கம் இருந்தது என்ற கருத்துக்குத் தூண்டுகோல் ஆயிற்று. பிரின்சிப்பின் தோழன் நெடெல்கோ சாப்ரினோவிச், தங்களுக்கு உதவிய செர்பியர்கள் சிலர் ஃப்ரீமேசன்கள் என்று நீதிமன்றத்தில் சொன்னான். அந்தச் சில சொற்களை வைத்து ஒரு முழுநீளச் சதிக்கதை பின்னால் எழுந்தது. தோற்றுக்கொண்டிருந்த ஒரு பேரரசின் ஆதரவாளர்களுக்கு, பொஸ்னியக் குடியானவர்களின் கோபத்தைவிட உலகளாவிய இரகசியச் சங்கம் ஏற்கத்தக்க விடையாக இருந்தது. வாசகர் எதிர்பார்க்கும் நோக்கம் எப்படி ஆவணத்துக்குள் நுழைந்துவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

இரண்டாவது சான்று மார்ட்டின் பாப்பன்ஹைம் என்ற வியன்னா மருத்துவரின் குறிப்புகள். இருபது வயது நிறையாதவர்களுக்கு ஆஸ்திரியச் சட்டத்தில் தூக்குத் தண்டனை இல்லை. பிரின்சிப்பின் பிறந்த தேதி ஒரு பதிவேட்டில் ஜூன் என்றும் இன்னொன்றில் ஜூலை என்றும் இருந்தது. நீதிமன்றம் ஜூலையை ஏற்றுக்கொண்டு இருபது ஆண்டுக் கடுஞ்சிறை விதித்தது. மாதம் ஒரு நாள் உணவில்லை, ஆண்டுதோறும் ஜூன் 28 அன்று இருட்டறை. அவன் அடைக்கப்பட்டது பொஹீமியாவின் தெரேசின் கோட்டையில். அங்கே எலும்புக் காசநோய் அவன் உடலை அரித்தது. 1916 ஜனவரியில் தூக்கிட்டுக்கொள்ள முயன்று பிழைத்தான். அதே ஆண்டு பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை பாப்பன்ஹைம் சில முறை அவனைச் சந்தித்துத் துண்டு துண்டாகக் குறித்துக்கொண்டார். தனிமையில் வளர்ந்தவன், ஓயாமல் படித்தவன், மக்கள் படும் துன்பத்துக்குப் பழி, ஒரு பெண்மீது கொண்டிருந்த அன்பு, இவையெல்லாம் அதில் வருகின்றன. இவ்வளவு பெரிய போர் தன் செயலால் வந்தது என்பதை அவனால் நம்ப முடியவில்லை.

குறிப்புகள் 1926-இல் வியன்னாவில் அச்சாயின. அதன்பின் பிரின்சிப்பின் மனத்தை எழுதப் புகுந்த எவரும் அவற்றைத் தாண்டிப் போக முடியவில்லை. எனக்கு அந்தப் பக்கங்கள் மிகவும் மதிப்புக்குரியவை. குற்றத்தை நிறுவும் நோக்கம் இல்லாமல் அவனிடம் கேள்வி கேட்டவர் என்று நமக்குப் பதிவில் தெரிபவர் அவர் ஒருவரே. ஆனால் பேசியவன் 1914-இன் பையன் அல்லன். செர்பியா எதிரிப் படைகளிடம் வீழ்ந்ததும், உடன் நின்ற சாப்ரினோவிச் சிறையில் இறந்ததும் அதற்கு முன்பே நடந்துவிட்டன. விளைவு தெரிந்த பிறகு ஒருவன் தன் தொடக்கத்தைச் சொல்லும்போது அது எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும் பின்னோக்கிய சொல்தான். அந்தக் குறிப்புகளை 1914 வசந்த காலத்தின் மனநிலையாக எடுத்தாளும் நூல்கள் பல. அதை நான் ஏற்கவில்லை.

மூன்றாவது சான்று மற்றவர்களின் நினைவு. இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செர்பியப் படையின் உளவுத்துறைத் தலைவரும் 'கறுப்புக் கை' என்ற இரகசிய அமைப்பின் மையமுமான டிராகுடின் டிமித்ரியேவிச் (ஆபிஸ் என்பது அவருடைய பட்டப்பெயர்) 1917-இல் சலோனிகாவில் தன் சொந்த அரசாலேயே விசாரிக்கப்பட்டபோது, சரயேவோ திட்டம் தன்னுடையது என்று எழுதிக் கொடுத்தார். அவரைச் சுட்டுக் கொன்றார்கள். நாட்டுக்குச் செய்த சேவையாக அதைக் காட்டினால் உயிர் தப்பலாம் என்ற எதிர்பார்ப்பு அந்தக் கூற்றில் எவ்வளவு கலந்திருந்தது என்று பிரித்தெடுப்பது கடினம். எண்ணம் என்னுடையது என்று பிரின்சிப்பும் சொன்னான், என்னுடையது என்று ஆபிஸும் சொன்னார். இருவருக்கும் அப்படிச் சொல்லக் காரணம் இருந்தது.

2. கிராமத்திலிருந்து தொடங்கும் வரலாறு

விளாடிமிர் டெடியேர் 1966-இல் வெளியிட்ட 'சரயேவோவுக்குப் போகும் பாதை' இந்தப் பொருளில் இன்றும் முதன்மையான நூல். டெடியேர் பிறந்த ஆண்டு 1914. ஹிட்லர் படைகளை எதிர்த்துக் காடுகளில் போரிட்ட யூகோஸ்லாவியப் போராளி. மருத்துவரான அவருடைய மனைவி அந்தப் போரில் 1943-இல் உயிர் துறந்தார். யூகோஸ்லாவியத் தலைவர் டிட்டோவின் வாழ்க்கை வரலாற்றை எழுதிப் புகழ்பெற்றவர். கட்சித் தலைமையோடு முரண்பட்ட மிலோவான் ஜிலாஸின் பக்கம் கருத்துரிமைக்காக நின்று கம்யூனிஸ்ட் கட்சியில் இடமிழந்து, பின்பு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் பணியாற்றியவர். இந்த வாழ்க்கையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அவர் நூலை நான் திறக்கிறேன்.

பிரின்சிப்பை அறிய அவன் பிறந்த ஒப்லியாய் என்ற மேற்கு பொஸ்னியச் சிற்றூருக்குப் போக வேண்டும், அங்கிருந்து உதுமானியர் காலத்து நிலவுடைமைக்குப் போக வேண்டும் என்பது டெடியேரின் வழி. 1878-இல் பொஸ்னியாவை ஆக்கிரமித்த ஆஸ்திரியா சாலை போட்டது, ரயில் விட்டது, அலுவலகங்கள் கட்டியது. ஆனால் நில உறவில் பெரிதாகக் கைவைக்கவில்லை. விளைச்சலில் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கை நிலவுடைமையாளருக்கு அளந்து, வரியும் கட்டிய குடியானவர்களின் நிலை அப்படியே நீடித்தது. பிரின்சிப்பின் தந்தை பெதார் விவசாயத்தோடு மலைப்பாதையில் தபாலும் பயணிகளும் ஏற்றிச்சென்று பிழைத்தவர். உடன்பிறந்த குழந்தைகளில் பலர் சிறுவயதிலேயே இறந்தார்கள். பையனைப் பதின்மூன்று வயதில், 1907-இல், அண்ணன் யோவோ சரயேவோவுக்கு அழைத்துப் போனார். முதலில் நினைத்தது ராணுவப் பள்ளியை. சொந்த மக்களையே ஒடுக்கும் வேலைக்குப் பிள்ளையை அனுப்பாதே என்று ஒரு கடைக்காரர் சொன்னதால் வணிகப் பள்ளியில் சேர்த்தார் என்று டெடியேர் எழுதுகிறார். அந்தக் கடைக்காரர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் அவன் பேரரசின் சீருடை அணிந்திருக்கலாம். இப்படிப்பட்ட இடங்களில் டெடியேர் அவசரப்படுவதே இல்லை. அவரை நான் மீண்டும் மீண்டும் படிப்பது இதற்காகத்தான்.

அடுத்து 1910. அந்த ஆண்டு ஜூன் 15 அன்று போக்டான் ஷெராயிச் என்ற இளைஞன் பொஸ்னிய ஆளுநர் வரேஷானின்மீது ஐந்து முறை சுட்டான். ஐந்தும் தவறின. ஆறாவது குண்டைத் தனக்குச் செலவிட்டான். அவன் கல்லறைக்குப் பிரின்சிப் இரவில் போவது வழக்கம். 1912-இல் சாக்ரேப் நகரில் லூக்கா யூகிச் என்ற மாணவன் குரோவேஷிய ஆட்சியாளர் சுவாயைக் கொல்ல முயன்றான். கொடுங்கோலனைக் கொல்வது அறம் என்ற எண்ணம் தென்ஸ்லாவிய மாணவர்களிடையே பரவியிருந்ததை டெடியேர் இப்படி அடுக்கி நிறுவுகிறார். கொல்வது சரி என்ற முடிவுக்கு அந்தப் பையன் எப்படி வந்தான் என்ற முதல் கேள்விக்கு இதைவிட நிறைவான விடை எங்கும் இல்லை.

என் குறை இதற்கு மேல்தான். நிலவுடைமைக் கொடுமை பிரின்சிப்புக்குப் பொருந்துகிறது. அன்று சரயேவோவில் அவனோடு நின்ற மற்றவர்களை எண்ணிப் பாருங்கள். சாப்ரினோவிச் நகரத்தில் வளர்ந்த அச்சுக்கோப்பாளன். டிரிஃப்கோ கிராபெஷ் ஒரு பாதிரியாரின் மகன். முஹமது மெஹ்மெத்பாஷிச் தச்சன், நொடித்துப்போன முஸ்லிம் பிரபுக் குடும்பத்தில் பிறந்தவன், அதாவது குடியானவரிடம் பங்கு வாங்கிய வர்க்கத்தின் வாரிசு. ஒரே தெருவில் ஒரே வேலைக்கு நின்றவர்களை ஒரே வறுமை கொண்டுவரவில்லை. பிரின்சிப்பின் வரலாற்றை எழுதுகிறவர் சாப்ரினோவிச்சின் வரலாற்றையும் அருகில் வைத்துப் பார்த்தால் இது உடனே தெரியும். டெடியேர் இதை அறியாதவர் அல்லர். ஆனாலும் நூலின் எடை முழுவதும் மண்ணின் பக்கம் சாய்கிறது. மக்கள் எழுச்சியால் பிறந்த யூகோஸ்லாவியாவுக்காகத் தம் இளமையைக் கொடுத்த ஒருவர், அந்த நாட்டின் முதல் குண்டு ராணுவ அதிகாரிகளின் அறையிலிருந்து வந்ததாக எழுத மனம் ஒப்பமாட்டார். அதை நான் புரிந்துகொள்கிறேன். அதற்காக அந்தச் சாய்வைக் கணக்கில் எடுக்காமல் விட முடியாது.

3. பெல்கிரேடிலிருந்து தொடங்கும் வரலாறு

மறுமுனையில் நிற்பவர்கள் கதையை செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் தொடங்குகிறார்கள். இத்தாலிய இதழாசிரியர் லூயிஜி அல்பெர்தினி, முசோலினி ஆட்சியில் தம் நாளிதழை இழந்த பிறகு, போரின் தோற்றத்தைப் பற்றிய பெருநூலில் உழைத்தார். அவர் 1941-இல் இறந்தார், நூல் அடுத்த ஆண்டுகளில் வெளிவந்தது. உயிரோடிருந்த பலரை நேரில் விசாரிக்கச் செய்து சதியின் கண்ணிகளை அவர் கோத்த விதம் இன்றும் வியக்க வைக்கிறது. கிறிஸ்டோபர் கிளார்க் 2012-இல் எழுதிய 'தூக்கத்தில் நடந்தவர்கள்' இன்னும் பின்னால் போய், 1903-இல் செர்பிய அரசர் அலெக்சாண்டரையும் அரசி திராகாவையும் அதிகாரிகள் அரண்மனையில் கொன்ற இரவில் தொடங்குகிறது. அந்த அதிகாரிகளில் ஆபிஸும் ஒருவர்.

தொடக்கம் மாறினால் மனிதன் மாறிவிடுகிறான். ஒப்லியாயில் தொடங்கினால் பிரின்சிப் கடைசியில் வந்து சேரும் மகன். பெல்கிரேடில் தொடங்கினால் அதிகாரிகள் தேர்ந்தெடுத்த கருவி. கிளார்க் தம் காலத்தை மறைக்கவில்லை. 1990-களின் பால்கன் போர்களுக்கும் 2001 செப்டம்பருக்கும் பிறகு சரயேவோவை முன்போலப் பார்க்க முடியாது என்று அவரே முன்னுரையில் ஒப்புக்கொள்கிறார். எழுதுபவர் தாம் நிற்கும் இடத்தைச் சொல்லிவிட்டு எழுதுவது பெரிய நாணயம்.

எனது மூன்றாவது கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. நான்கு பிரௌனிங் கைத்துப்பாக்கி, ஆறு கைக்குண்டு, உண்பதற்கு சயனைடு, எல்லை கடக்க ஆட்கள் எல்லாம் 'கறுப்புக் கை'யைச் சேர்ந்த மேஜர் தாங்கோசிச், மிலான் சிகானோவிச் ஆகியோர் வழியாக வந்தன. இந்த உதவி இல்லாமல் ஜூன் 28 நடந்திருக்காது. ஆனால் ஒருவனுக்கு ஆயுதம் எப்படிக் கிடைத்தது என்பதை அறிந்ததால் அவன் ஏன் சுட்டான் என்பது விளங்கிவிடாது. ஷெராயிச் சுட்ட ஆண்டு 1910, 'கறுப்புக் கை' தோன்றிய ஆண்டு 1911. எண்ணம் அமைப்புக்கு முந்தையது. மேலும் ஜூன் மாதத்தில், கொலையை நிறுத்திவிடலாம் என்று உள்ளூர்ப் பொறுப்பாளன் டானிலோ இலிச் வாதிட்டான். அவன் வீட்டில் தங்கியிருந்தும் பிரின்சிப் ஏற்கவில்லை. கருவி என்று ஒருவனைச் சொன்னால் அவன் இப்படி மறுத்ததை எங்கே வைப்பது? பெல்கிரேடு வழி வரலாறுகள் இந்த வாக்குவாதத்தைச் சில வரிகளில் கடந்துவிடுகின்றன. எனக்கு அது நூலின் நடுப்பகுதியில் இருக்க வேண்டிய செய்தி.

4. உடலும் பள்ளிப் பதிவேடும்

1912-இல் முதல் பால்கன் போருக்குத் தொண்டர் படையில் சேரப் பிரின்சிப் போனான். உருவம் சிறியது, உடல் நலிவானது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அனுப்பியவர் தாங்கோசிச். இந்த ஒரு நிகழ்ச்சியின்மேல் உளவியல் நோக்கில் எழுதியவர்கள் வீடு கட்டியிருக்கிறார்கள்: அவமானப்பட்ட சிறுவன் தன்னை நிரூபிக்கத் துப்பாக்கி எடுத்தான் என்று. டெடியேரும் இதைத் தனிப்பட்ட காரணங்களில் முக்கியமானதாக எடுத்துக்கொள்கிறார். நான் இதை ஒதுக்கமாட்டேன். 1914-இல் அதே தாங்கோசிச் இளைஞர்களில் ஒருவரைப் பார்க்க விரும்பியபோது போனவன் கிராபெஷ், பிரின்சிப் அல்லன். வடு இருந்தது. ஆனால் அந்தப் போரில் திருப்பி அனுப்பப்பட்ட இளைஞர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். வடு ஒருவனின் பிடிவாதத்தைக் கூட்டியிருக்கலாம். கொல்வதா வேண்டாமா என்ற முடிவை அது தரவில்லை.

ஆங்கிலேயப் பத்திரிகையாளர் டிம் புட்சர் 2014-இல் எழுதிய நூலுக்கு இங்கே இடம் தர வேண்டும். 1990-களில் பொஸ்னியப் போர்ச் செய்தியாளராக இருந்தவர். முற்றுகையில் தவித்த சரயேவோவில் ஒரு சிறு வழிபாட்டிடத்தை மக்கள் கழிப்பிடமாகப் பயன்படுத்துவதைப் பார்த்தார். அங்கே கல்லில் பொறித்திருந்த பெயர்களில் ஒன்று பிரின்சிப். அந்த அதிர்ச்சி அவரை இருபது ஆண்டு விடவில்லை. ஒப்லியாயிலிருந்து பிரின்சிப் போன வழியில் நடந்தே போனார். ஊரில் இளம் பிரின்சிப் தன் பெயரின் முதலெழுத்துகளைக் கல்லில் செதுக்கியிருந்ததைக் கண்டார். சரயேவோ ஆவணக் காப்பகத்தில் அவனுடைய பள்ளி மதிப்பெண்களைத் தேடி எடுத்தார். நன்றாகப் படித்த பையன் ஆண்டுக்கு ஆண்டு சரிவதும், வகுப்புக்கு வராத மணிநேரம் ஏறுவதும் அந்தத் தாள்களில் தெரிகின்றன. அவன் செர்பிய வெறியன் அல்லன், குரோவேஷியரும் முஸ்லிம்களும் உள்ளிட்ட தென்ஸ்லாவியர் அனைவரின் விடுதலையை விரும்பியவன் என்பது அவர் முடிவு.

நீதிமன்றத்தில் பிரின்சிப் சொன்னதோடு அது ஒத்துப்போகிறது. முடிவை நானும் ஏற்கிறேன், ஓர் எச்சரிக்கையோடு. பள்ளி மதிப்பெண் சரிந்தது மாற்றம் நடந்த காலத்தைக் காட்டும். என்ன மாற்றம் என்பதைக் காட்டாது. இன்னொன்று. அன்று பதினேழு வயதில் கைக்குண்டோடு நின்ற வாசோ சுப்ரிலோவிச் பின்னாளில் பேராசிரியரானார். 1937-இல் அல்பேனியரை நாட்டைவிட்டு வெளியேற்ற வேண்டும் என்று வாதிடும் அறிக்கை எழுதினார். டிட்டோவின் அரசில் அமைச்சராக இருந்தார். 1990-இல் மறைந்தார். அதே தெருவில் அதே இலட்சியம் பேசி நின்றவர் இவர். பிரின்சிப் 1918 ஏப்ரல் 28 அன்று இருபத்து மூன்று வயதில் இறந்துவிட்டான். அவன் உயிரோடிருந்து நாற்பது வயதில் என்ன எழுதியிருப்பான் என்று எவராலும் சொல்ல முடியாது. அவனை அனைவருக்குமான விடுதலை வீரன் என்று எழுதுகிறவர்களும் இனவாதத்தின் முன்னோடி என்று எழுதுகிறவர்களும் அவன் வாழாத ஆண்டுகளை அவன் கணக்கில் எழுதுகிறார்கள். 1930-இல் அந்தத் தெருமுனையில் அவனுக்காகப் பதித்த கல்வெட்டை 1941-இல் ஜெர்மானியர் பெயர்த்து ஹிட்லரின் பிறந்தநாளுக்குக் கொடுத்தார்கள். 1945-இல் விடுதலைப் படை வேறொன்று வைத்தது. 1990-களின் போரில் அவன் நினைவுச் சின்னங்கள் அழிந்தன. 2004-இல் வைத்த கல்வெட்டு புகழாமல், பழிக்காமல் நடந்ததை மட்டும் சொல்கிறது. நூல்களும் இந்தக் கல்வெட்டுகளைப் பின்தொடர்ந்தே வந்திருக்கின்றன.

5. ஏன் இந்த மனிதர்?

இரண்டாவது கேள்வியை எல்லோரும் விட்டுவிட்டார்கள் என்பது என் வருத்தம். பிரான்ஸ் பெர்டினாண்ட் மட்டுமே இலக்கு என்பதுபோல எழுதுகிறார்கள். 1914 தொடக்கத்தில் மெஹ்மெத்பாஷிச் புறப்பட்டது பொஸ்னிய ஆளுநர் பொட்டியோரெக்கைக் கொல்ல. வழியில் ரயிலில் காவலர் சோதனைக்கு அஞ்சி ஆயுதத்தை எறிந்துவிட்டான். இளவரசர் ராணுவப் பயிற்சியைப் பார்வையிட வருகிறார் என்ற செய்தித்தாள் துணுக்கு சாப்ரினோவிச்சுக்கு வந்த பிறகே பெயர் மாறுகிறது. ஆக, கொல்லும் எண்ணம் முன்னால், ஆள் பின்னால்.

ஆனால் ஆளைத் தேர்ந்த பிறகு அதற்கு ஒரு காரணம் உருவாயிற்று. வருங்காலத்தில் அரசராகி இவர் கொண்டுவரும் சீர்திருத்தங்கள் தங்கள் ஒருமைப்பாட்டைத் தடுக்கும் என்று பிரின்சிப் நீதிமன்றத்தில் சொன்னான். ஸ்லாவியருக்குப் பேரரசுக்குள் மூன்றாவது பங்கு தரும் எண்ணம் பிரான்ஸ் பெர்டினாண்டோடு சேர்த்துப் பேசப்பட்டதை அவன் அறிந்திருந்தான். கொடுமைக்காரர் என்பதற்காக அல்ல, சமரசம் செய்யக்கூடியவர் என்பதற்காகவும் ஒருவர் கொல்லப்படலாம். கொடுங்கோலனைக் கொல்லும் மரபில் பிரின்சிப்பை வைக்கும் டெடியேருக்கு இது இடைஞ்சலான செய்தி. அதிகாரிகளின் கருவி என்பவர்களுக்கும் இடைஞ்சல்தான், ஏனெனில் ஒரு கருவி இப்படி அரசியல் கணக்குப் போடாது.

நாளைப் பற்றியும் ஒரு சொல். ஜூன் 28, 1389-இன் கொசோவோப் போரை செர்பியர் நினைவுகூரும் விதோவ்தான் திருநாள். பல நூல்கள் இந்த நாளையே நோக்கத்தின் ஊற்றாகக் காட்டுகின்றன. நாளைக் குறித்தது பேரரசின் பயண ஏற்பாடு. பிரின்சிப் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. திருநாள் அவன் உறுதியைக் கூட்டியிருக்கலாம் என்பதற்கு மேல் நான் போகமாட்டேன். காலையில் சாப்ரினோவிச்சின் குண்டு குறி தவறியது. பிறகு மாற்றிய வழி ஓட்டுநர் லோய்காவுக்குச் சொல்லப்படாமல், வண்டி லத்தீன் பாலத்துக்கு எதிரே திரும்பிப் பிரின்சிப்பின் முன்னால் நின்றது. இவையெல்லாம் தற்செயல். இந்தத் தற்செயலைப் பெரிதாக்கி, அவன் தெருமுனையில் இருந்த ஒரு கடையில் சான்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான் என்ற கதை சென்ற இருபது ஆண்டுகளில் தொலைக்காட்சி வழியாகப் பரவிவிட்டது. வழக்கு ஆவணங்களில் அப்படி எதுவும் இல்லை. இந்தக் கதையை நான் கடுமையாக எதிர்ப்பதற்குக் காரணம் உண்டு. அது ஒரு கொலையிலிருந்து பொறுப்பை எடுத்துவிடுகிறது. முதல் முயற்சி தவறிய பின்னும் அவன் அங்கேயே காத்திருந்தான். காத்திருந்தது அவன் முடிவு.

6. இரண்டாவது குண்டு

பிரின்சிப் சுட்டது இரண்டு முறை. ஒன்று இளவரசருக்கு. இரண்டாவது பொட்டியோரெக்குக்கு என்றும், சோபி இறந்ததற்கு வருந்துவதாகவும் நீதிமன்றத்தில் சொன்னான். சாப்ரினோவிச் ஒரு படி மேலே போய், கொல்லப்பட்டவர் ஒரு தந்தை என்பதை எண்ணி மனம் வருந்துவதாகக் கூறினான்.

நோக்கத்தைத் தேடி எழுதப்பட்ட நூல்களில் சோபி சோடெக்குக்கு இடமில்லை. அவரைக் கொல்ல எவருக்கும் நோக்கம் இருக்கவில்லை, அதனால் விளக்க எதுவும் இல்லை என்று ஆகிவிடுகிறது. அரச மரபில் பிறக்காதவர் என்பதால் வியன்னா அரண்மனையில் கணவரின் அருகில் உட்காரவும் உரிமை மறுக்கப்பட்டவர் அவர். சரயேவோவில் அந்த வண்டியில் அருகில் அமர முடிந்தது. மூன்று பிள்ளைகள். அவர்களில் இரு மகன்களை 1938-இல் நாஜிகள் டாக்காவ் முகாமில் அடைத்தார்கள். பிரின்சிப்பின் கிராமத்துக்கு ஐம்பது பக்கம் ஒதுக்கும் ஒரு நூல், அவன் கையால் இறந்த இந்தப் பெண்ணுக்கு ஒரு பத்தி ஒதுக்கினால் அந்த நூலின் கணக்கு தவறு. ஒருவன் ஏன் கொன்றான் என்று விளக்குவதும் அவனை விடுவிப்பதும் வேறு வேறு. அந்த வேறுபாட்டை முன்னுரையில் சொன்னால் மட்டும் போதாது, பக்க ஒதுக்கீட்டிலும் அது தெரிய வேண்டும்.

இங்கே அமர்ந்திருக்கும் ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு கொலையாளியின் வரலாற்றை நீங்கள் எழுத நேர்ந்தால் அவன் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்தின் பக்கத்திலும் தேதியையும், கேட்டவர் யார் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். உடன் நின்றவர்களின் வரலாற்றையும் சேர்த்துப் படியுங்கள். கொல்லப்பட்டவரைப் பற்றிய அத்தியாயத்தை முதலில் எழுதுங்கள். பிரின்சிப்பைப் பற்றி அப்படி ஒரு நூல் எனக்குத் தெரிந்து இன்னும் எழுதப்படவில்லை. அதற்கு வேண்டிய ஆவணங்களில் பெரும்பகுதி ஏற்கெனவே அச்சில் இருக்கிறது.